பழைய அல்பங்களின் கசெற், எல்.பி., சீடி: திருகோணமலையில் எந்தப் பிரதியை வாங்குவது?

எண்பதுகளின் முதல்தர அல்பம் எது என்று திருகோணமலை டச் பே கடற்கரையில் நாலு பேர் கதைக்கத் தொடங்கினால் இருட்டின பிறகும் எழும்ப மாட்டார்கள். ஒருவருக்கு இளையராஜாவின் வாத்திய இசை அல்பமான ‘ஹவ் டு நேம் இட்?’ (1986)தான் உச்சம். அடுத்தவர் அதே மாதிரி இன்னொன்றான ‘நத்திங் பட் விண்ட்’ (1988) என்பார். மூன்றாமவர் படப்பாட்டை விட்டுவிட்டு என்ன அல்பம் என்று கேட்டு ‘மௌன ராகம்’ (1986), ‘அக்னி நட்சத்திரம்’ (1988) இரண்டையும் கொண்டுவந்து வைப்பார். வாதம் நல்லதுதான். ஆனால் அங்கே ஒரு கேள்வியை ஆரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டது எந்தப் பிரதி? றெக்கோடிங் பாரில், அதாவது கேட்ட பாட்டுகளைப் பதிந்து கொடுத்த கடையில், தொண்ணூறு நிமிடக் கசெற்றில் அடித்துக் கொடுத்ததா, இசைக் கம்பனியே வெளியிட்ட கம்பனிக் கசெற்றா, பெரிய றெக்கோட் தட்டான எல்.பி.யா, மூன்று படங்களை ஒன்றாகத் திணித்த சீடியா, ஃபோனுக்கு வந்து சேர்ந்த எம்.பி.3யா?

இந்த ஐந்தும் ஒரே இசையல்ல. வேகம் வேறு, சுருதி வேறு, சிலவேளை பாட்டுகளின் வரிசையும் நீளமுமே வேறு. ஆகவே இந்த மதிப்பீடு முதலில் பிரதிகளைப் பற்றியது. அல்பங்களின் தரவரிசை அதற்குப் பிறகு வரும். கடலும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் வாங்குபவர்களை மனதில் வைத்தே எழுதப்படுகிறது, ஏனென்றால் கடலுக்குத் தூரமான ஊரில் இருபது வருடம் தாங்கும் சாமான் கரையோர உப்புவெளியில் அவ்வளவு தாங்காது.

கசெற்

பழைய வீடுகளில் இன்றும் அதிகம் கிடப்பது கசெற்தான். அதன் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலம். அதற்குள் பக்கத்துக்கு இரண்டாக நாலு தடங்கள். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர். இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு மெதுவாக ஓடுவதால் சின்னப் பிழையும் பெரிதாகக் கேட்கும்.

முதல் பிழை வேகம். பிளேயரின் பெல்ற் தளர்ந்தால் மெதுவாகும், மோட்டரின் சரிசெய்தல் நகர்ந்திருந்தால் கெதியாகும். நூற்றுக்கு 6 வீதம் கூடினால் சுருதி ஏறத்தாழ ஒரு அரைச்சுரம் ஏறிவிடும். 3 வீதம் என்றால் அதில் பாதி. காது அதைப் ‘பிழை’ என்று சொல்லாது. பாடகரின் குரல் இளமையாக இருக்கிறது, தாளம் துள்ளுகிறது என்றுதான் சொல்லும். “கசெற்றில் கேட்ட துடிப்பு சீடியில் இல்லை” என்று வாதாடுபவர்களில் பலர் உண்மையில் கெதியாக ஓடிய பிளேயரைத்தான் புகழ்கிறார்கள். சோதிப்பது சுலபம். சீடியில் சரியாக 5 நிமிடம், அதாவது 300 செக்கன் ஓடும் பாட்டை எடுங்கள். கசெற்றில் அதே பாட்டை ஃபோனின் நிறுத்துகடிகாரத்தால் அளவுங்கள். 291 செக்கனில் முடிந்தால் பிளேயரோ பிரதி எடுத்த இயந்திரமோ 3 வீதம் கெதி. எது பிழை என்று அறிய வேறு மூன்று நாலு கம்பனிக் கசெற்களையும் அளக்க வேண்டும். எல்லாமே ஒரே அளவு கெதி என்றால் பிழை பிளேயரில். ஒன்று மட்டும் என்றால் அந்தக் கசெற்றில்.

இரண்டாவது, ஹெட்டின், அதாவது நாடாவில் உரசி இசையை எடுக்கும் பாகத்தின், சாய்வு. நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக ஹெட் நிற்காவிட்டால் முதலில் போவது மேல்சுரங்கள். சலங்கை, ஹை-ஹற், வயலினின் கம்பி ஒலி எல்லாம் போர்வைக்குள் இருந்து வருவது போல மங்கும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, காந்தம் ஏறாத சின்ன ஸ்குரூடிரைவரால் அதை மெல்லமாகத் திருப்பி, மேல்சுரம் ஆகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். மோனோவில், அதாவது இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி, வைத்துக் கேட்டால் அந்த இடம் பளிச்சென்று பிடிபடும். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. தொடங்குமுன் ஸ்குரூவின் பழைய நிலையை நகப்பூச்சால் அடையாளம் இடுங்கள். றெக்கோடிங் பார்களில் அடித்த கசெற்களுக்கு இது மிக முக்கியம். ஒவ்வொரு கடையின் டெக்கும் ஒவ்வொரு சாய்வில் நின்றது. ஒரு கடைக் கசெற்றுக்குச் சரிசெய்த பிளேயரில் கம்பனிக் கசெற் மங்கலாகக் கேட்கும். வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே திருப்பிவிட வேண்டும்.

மூன்றாவது, டொல்பி, அதாவது நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் முறை. டொல்பி பி முறையில் பதிந்த கசெற்றை டொல்பி இல்லாத பிளேயரில் போட்டால் இரைச்சலோடு மேல்சுரமும் தூக்கலாக வரும். அதைப் பலர் ‘கம்பனிக் கசெற்றின் தெளிவு’ என்று நினைப்பார்கள். டொல்பி இல்லாமல் பதிந்ததை டொல்பி போட்டுக் கேட்டால் நேர்மாறாக மந்தமாகும். அட்டையில் இரட்டை ‘டி’ குறி இருந்தால் மட்டும் பொத்தானை அழுத்துங்கள்.

றெக்கோடிங் பார் கசெற்களை ஒதுக்கித் தள்ளச் சொல்லவில்லை. துண்டில் பாட்டு எழுதிக் கொடுத்து, தனக்கென்று ஒரு வரிசையை ஆக்கிக்கொண்ட காலத்தின் சாட்சி அவை. எந்த ஊரில் எந்த வருடம் எதை விரும்பிக் கேட்டார்கள் என்பதை வேறெந்தப் பொருளும் இவ்வளவு நேராகச் சொல்லாது. ஆனால் அல்பத்தைத் தீர்ப்பிட அவை உதவா. எல்.பி.யிலிருந்தோ இன்னொரு கசெற்றிலிருந்தோ எடுத்த பிரதி என்பதால் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் கூடும். இரட்டை வேகத்தில் அடித்திருந்தால் மேல்சுரம் இன்னும் குறையும். பக்கம் முடிகிற இடத்தில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 60 நிமிடக் கசெற்றின் நாடா ஏறத்தாழ 18 மைக்ரோன் தடிப்பு, 90இல் 12, 120இல் 9. 120 நிமிடக் கசெற்றில் அடித்த அருமையான தொகுப்பு உங்களிடம் இருந்தால் அதை அடிக்கடி ஓட விடாதீர்கள். ரப்பர் உருளை பிசுபிசுத்த பிளேயர் ஒரே இழுவையில் அதை விழுங்கிவிடும்.

பழைய கசெற் வாங்கும்போது கையில் வைத்துப் பார்க்க வேண்டியவை இவை. கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி போலவோ நட்சத்திரம் போலவோ தெரிந்தால் பூஞ்சணம். அதைப் பிளேயரில் போட்டால் அடுத்துப் போடும் கசெற்களுக்கும் தொற்றும். வாய்ப்பக்கத்தில் நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு, செப்புத் தகட்டில் ஒட்டியபடி இருக்க வேண்டும். அது விழுந்திருந்தால் ஒலி ஏறி இறங்கும். ஐந்து ஸ்குரூ போட்ட கூடு என்றால் பழுதைத் திருத்தலாம். ஒட்டிய கூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டும். நெடுங்காலம் ஓடாமல் கிடந்த கசெற்றை நேரே பிளே அழுத்தக்கூடாது. ஒருமுறை முழுதாக முன்னுக்கும் ஒருமுறை பின்னுக்கும் சுற்றி, ஒட்டிக்கிடக்கும் சுருளைத் தளர்த்திய பிறகே கேட்க வேண்டும்.

ஹெட் துடைக்க 99 வீத ஐசோபுரோபைல் அல்கஹோல் வேண்டும். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் எண்ணெய் கலந்திருக்கலாம். அது படலமாக ஒட்டும். ரப்பர் உருளைக்கு அல்கஹோலை அளவாகப் பாவியுங்கள், கூடினால் ரப்பர் காய்ந்து வெடிக்கும்.

எல்.பி.யும் கனடாவிலிருந்து வரும் பிளேயரும்

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் றெக்கோட் பிளேயரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். திருகோணமலையில் பலர் ஏமாறும் இடம் இதுதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றுக்கு ட்ரான்ஸ்ஃபோமர் வாங்கி மாட்டிவிட்டால் சரி என்று நினைக்கிறார்கள். ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. எழுபது, எண்பதுகளின் பல பிளேயர்களில் மோட்டரின் வேகம் ஹேர்ட்ஸைப் பொறுத்தது. 60க்குச் செய்தது 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். ஐந்து நிமிடப் பாட்டு ஆறு நிமிடம் ஓடும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கும் சற்று மேலே இறங்கும். எஸ். ஜானகியின் குரல் ஆண்குரல் போலக் கேட்கத் தொடங்கும்.

இதற்கு வழி இரண்டு. 50 ஹேர்ட்ஸுக்கான கப்பியை, அதாவது விட்டம் 1.2 மடங்கு கூடியதை, மோட்டரில் மாற்றுவது ஒன்று. அல்லது டி.சி. மோட்டர் உள்ள, அடப்டரில் ஓடும் பிளேயராகப் பார்த்து வாங்குவது. அடப்டரின் பின்பக்கத்தில் 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. கொண்டுவரச் சொல்லுமுன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வேகத்தைச் சோதிக்க விசேட கருவி தேவையில்லை. லேபலின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டி, ஊசி தட்டில் ஓடிக்கொண்டிருக்க, சுற்றுகளை எண்ணுங்கள். 3 நிமிடத்தில் சரியாக 100 சுற்று வந்தால் 33⅓. ஊசியைத் தூக்கி வைத்து எண்ணினால் கணக்குப் பிழைக்கும், ஊசியின் உராய்வும் சேரத்தான் உண்மையான வேகம்.

அடுத்தது ஊசி. பழைய ரேடியோகிராம்களில் ஊசியைத் தாங்கி இருந்த செரமிக் காற்ரிட்ஜ்கள் ஐந்து கிராமும் அதற்கு மேலும் அழுத்தின. அவற்றில் ஓடிய எல்.பி.களின் பள்ளம் தேய்ந்து சாம்பல் நிறமாகத் தெரியும். கழுவினாலும் கரகரப்புப் போகாது. தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான கீறல் பயங்கரமாகத் தெரிந்தாலும் பலவேளை கேட்காது. ஆனால் கறுப்புப் பளபளப்பு மங்கி, சத்தமான இடங்களில் சாம்பல் பட்டை ஓடினால் வாங்காதீர்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபலில் நூல் போன்ற கோடுகள் நிறைய இருந்தால் அந்தத் தட்டு நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கியது என்று அர்த்தம்.

ஓட்டை நடுவில் இல்லாத தட்டுகளும் உண்டு. தட்டு சுற்றும்போது ஊசிக்கை இடம் வலமாக ஆடினால் அதுதான். அரை மில்லிமீற்றர் விலகினாலே, லேபலுக்குக் கிட்டவுள்ள பாட்டில் வேகம் 0.8 வீதம் ஏறி இறங்கும், 1.8 செக்கனுக்கு ஒருமுறை. டப்பாங்குத்துப் பாட்டில் இது தெரியாது. ‘நத்திங் பட் விண்ட்’டில் ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழலில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கும் இடத்தில் தாங்க முடியாமல் இருக்கும். அந்த அல்பத்தை எல்.பி.யில் வாங்குபவர்கள் கடையிலேயே ஓட விட்டு, கை ஆடுகிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுக்க வேண்டும்.

எல்.பி.யின் இன்னொரு இயல்பு பக்கத்தின் கடைசிப் பாட்டு. வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்குக் கீழே நொடிக்கு ஏறத்தாழ 51 சென்ரிமீற்றர் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21தான். அதே இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுவதால் ‘ஸ’ ஒலிகள் சீறும். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குள் உள்ள தட்டுகள் நல்லது. இருபத்தைந்தைத் தாண்டினால் ஒலியளவையே குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். “அந்த அல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் சுமார்” என்ற அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் சிலவேளை இந்த உள் ஓரத்தில்தான் போய் முடியும்.

அறுபதுகளின் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. அவற்றை ஸ்ரீரியோ ஊசியில் போட்டு, அம்பில் (ஒலிபெருக்கும் அம்பிளிஃபயரில்) மோனோ பொத்தானை அழுத்தினால் தூசிக் கரகரப்பில் ஒரு பங்கு தானாகவே அழியும். மோனோப் பதிவைப் பிறகு ‘ஸ்ரீரியோ’ என்று மாற்றி வெளியிட்ட பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். அடித்தொனி ஒரு பக்கமும் மேல்தொனி மறுபக்கமுமாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ரி.எம். சௌந்தரராஜன் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலைவார்.

ஒன்றை மறக்க வேண்டாம். றெக்கோட் பிளேயரை அம்பின் சாதாரண ஓக்ஸ் துளையில் நேராகச் செருகினால் ஒலி மெல்லியதாக, அடித்தொனி இல்லாமல் வரும். தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து மேல்தொனியைக் கூட்டித்தான் பதிவார்கள். அதை மீட்டுத் தரும் ஃபோனோ பிரீஅம்ப் நடுவில் வேண்டும். பல புதிய பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கிறது. பின்பக்கச் சுவிட்ச் ‘லைன்’ பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள்.

சீடி

தொண்ணூறுகளுக்குச் சந்தேகமில்லாமல் சீடிதான். ‘ரோஜா’ (1992) அதற்குச் சரியான சாட்சி. அந்த அல்பத்தின் பெருமை மெட்டில் மட்டும் இல்லை. தாளத்தின் ஒவ்வொரு துகளும் தனியாக நிற்பதில், அடித்தொனி சுத்தமாக இறங்குவதில், ஒலிகள் இரண்டு பக்கமும் பரந்து நிற்பதில் இருக்கிறது. இதைத்தான் பிரதிக் கசெற் முதலில் தின்கிறது. அக்காலத்தில் கசெற்றில் மட்டும் கேட்டு “சத்தம்தான் கூட” என்றவர்கள் அசல் சீடியில் ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்பை மறுபடி எழுத வேண்டும்.

ஆனால் சீடி என்றாலே நல்லது என்று எடுக்க முடியாது. எண்பதுகளின் படங்கள் இரண்டு மூன்றை ஒரே தட்டில் அடக்கிய தொகுப்புகளில் சில, மூல நாடாவிலிருந்து வந்தவையல்ல. ஹெட்ஃபோனில் பாட்டு தொடங்குமுன் உள்ள மௌனத்தைக் கேளுங்கள். தட்டின் டிக் டிக் ஒலி கேட்டால் எல்.பி.யிலிருந்து எடுத்தது. பாட்டு முடிந்து தேயும்போது ஒலி இயல்பாகக் கரையாமல் வெட்டினது போல நின்றால் இரைச்சல் நீக்கியை மிதமிஞ்சிப் போட்டிருக்கிறார்கள். வயலின்களின் சூழ்ந்த காற்றும் அதோடு போயிருக்கும். அப்படிப்பட்ட சீடியைவிட நல்ல நிலையிலுள்ள கம்பனிக் கசெற் மேல்.

பழைய சீடி வாங்கும்போது அடிப்பக்கம் வெள்ளியாக மின்னுகிறதா, நீலம் பச்சையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். நீலமும் பச்சையும் கணினியில் எரித்த பிரதி. அதன் சாயம் நமது வெயிலில் சில வருடங்களிலேயே மங்கத் தொடங்கும். வெள்ளித் தட்டென்றால் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் உள்ளே அலுமினியம் அரித்திருக்கிறது. அடிப்பக்கக் கீறலை விட மேல்பக்கக் கீறல் ஆபத்து, ஏனென்றால் இசை இருப்பது மேல்பக்க அச்சுக்கு நேர் கீழே.

ஃபோன்

ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு அடக்கிய எம்.பி.3 சீடிகள் பெரும்பாலும் 128 கிலோபிற் தரம். 16 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டுப்பட்டிருக்கும். இன்று தரம் இழக்காத ‘ஃபிளாக்’ என்ற பெயரில் கைமாறும் கோப்புகளிலும் சில அதே எம்.பி.3களை ஊதிப் பெருப்பித்தவையே. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் 16இல் கத்தியால் வெட்டினது போன்ற கோடு தெரியும். ஸ்ட்ரீமிங் சேவைகளில் தரம் பரவாயில்லை. ஆனால் வருடம் பிழை, பாட்டின் வரிசை பிழை, சிலவேளை மறுபடி பதிந்த பாட்டை அசலின் பெயரில் போட்டிருப்பார்கள். பாட்டை நினைவுபடுத்தப் போதும். வாதத்துக்குச் சான்றாகக் கொண்டுவர வேண்டாம்.

ஒப்பிடும் முறையும் எங்கள் தெரிவும்

இரண்டு அல்பங்களை நேர்மையாக மோதவிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே வடிவத்தில், ஒரே ஸ்பீக்கரில் ஓட வேண்டும். ஒலியளவு சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத் ‘திறம்’ என்று சொல்லும். ஒலியளவு காட்டும் ஆப் உள்ள ஃபோனை நீங்கள் இருக்கும் இடத்தில் வைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள். பிறகு ஒரு பாட்டை அல்ல, ஒரு பக்கம் முழுவதையும் எழும்பாமல் கேளுங்கள்.

அறுபதுகளுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் ‘கர்ணன்’ (1964), மோனோ எல்.பி.யில். இந்துஸ்தானி ராகங்களையும் வட இந்திய வாத்தியங்களையும் இவ்வளவு தாராளமாக எடுத்துக்கொண்டு, தமிழின் உச்சரிப்பு ஓரிடத்திலும் நசுங்காமல் நிற்கிறது. எழுபதுகளில் ‘ப்ரியா’ (1978)வா, ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) ஆ என்பது பழைய சண்டை. ‘ப்ரியா’வை ஸ்ரீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப்பாடல்கள் என்று சொல்வார்கள். அதை ஒற்றை ஸ்பீக்கர் கசெற் பிளேயரில் கேட்டு எடை போடுவது அநியாயம். இருந்தாலும் எங்கள் வாக்கு விஸ்வநாதனின் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்கே. ஒரு இசைக்குழுவின் கதைக்குப் போட்ட பாட்டுகள் என்பதால் முழுத்தொகுதியும் ஒரே மேடையில் நிற்கிறது.

எண்பதுகளுக்கு ‘ஹவ் டு நேம் இட்?’. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கியது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் பத்து உருப்படிகளையும் ஒரே நூலில் கோர்க்கிறது. ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியில் பாஹின் தனி வயலின் பார்டிட்டா (பல பகுதிகள் கோர்த்த இசைத்தொடர்) ஒன்றின் முகப்பு அப்படியே நிற்க, அதைச் சுற்றி இளையராஜா எழுதியது போகிறது. இங்கே பழையது எது புதியது எது என்று பிரித்துக் கேட்க வயலின்களின் அடுக்கு தெளிவாக வர வேண்டும். மங்கிய ஹெட்டில் இரண்டும் ஒரே குழம்பாகிவிடும். இந்த அல்பம் ‘அறுவை’ என்று சொன்ன பலர் கேட்டது அந்தக் குழம்பைத்தான். ‘நத்திங் பட் விண்ட்’டில் உருப்படிகள் ஐந்துதான், நீளமானவை. ஐம்பது பேர் கொண்ட வாத்தியக்குழு. அழகில் குறைவில்லை. ஆனால் புல்லாங்குழல் ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கிறது. முன்னையதில் விவாதம் நடக்கிறது, ஒவ்வொரு குரலும் மற்றதை மறுக்கிறது. அதனால்தான் அது மேலே.

தொண்ணூறுகளுக்கு ‘ரோஜா’வை விட ‘திருடா திருடா’ (1993) முன்னே நிற்கிறது என்று துணிந்து சொல்வோம். ‘ராசாத்தி’ ஒன்றை எடுங்கள். சாகுல் ஹமீதின் குரல், பின்னணியில் குரல்களே வாத்தியமாக. இன்னொரு பாட்டில் முழு இயந்திரத் தாளம். ஒரே தொகுதிக்குள் இந்த இரண்டு அந்தங்களையும் வைத்துக்கொண்டு சிதறாமல் இருப்பது ‘ரோஜா’வில் இல்லாத துணிச்சல். ‘ராசாத்தி’ உங்கள் பிரதியைச் சோதிக்கவும் உதவும். வாத்தியம் மறைக்காததால் நாடாவின் இரைச்சலும் வேக ஆட்டமும் அம்மணமாகக் கேட்கும்.

இந்தப் பட்டியல்களில் எப்போதும் விடுபடுவது எங்கள் நாட்டுப் பொப்பிசை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ எல்லாம் எழுபதுகளின் கலியாண வீடுகளை ஆட்டிவைத்தவை. பைலா ஆட்டப்பாட்டின் ஆறெட்டுத் தாளமும் நடுத்தொனியில் நிற்கும் குரலும் என்பதால் அவை மட்டமான கசெற்றிலும் தாக்குப்பிடிக்கும். தேய்ந்த பிரதி என்று அவற்றைக் கழிக்காதீர்கள். அடுத்த பிரதி கிடைப்பது நிச்சயமில்லை.

கச்சானும் வாடையும்

தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று வறண்டு தூசி பறக்கும். உறையிலிருந்து எல்.பி.யை இழுக்கும்போதே மின்னேறி தூசியை இழுத்துக்கொள்ளும். மெதுவாக எடுங்கள், ஓட விடுமுன் காபன் இழைத் தூரிகையால் இரண்டு சுற்றுத் துடையுங்கள். வடகிழக்குக் காற்றான வாடையும் மாரியும் தொடங்கினால் பிரச்சினை பூஞ்சணம். உட்துறைமுக வீதிப் பக்கமோ உவர்மலையோ, வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் தட்டுகளையும் கசெற்களையும் வைக்க வேண்டாம். ஈரம் முதலில் அந்தச் சுவரில்தான் இறங்கும். தட்டுகளை நிமிர்த்தி, நெரிக்காமல் வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை மாதத்துக்கொருமுறை காயவைத்துப் போடுங்கள். பூச்சி உருண்டை போடவே வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்ரிக்கைக் கெடுக்கும்.

தட்டில் பூஞ்சணம் பிடித்தால் கழுவலாம். ஒரு லீற்றர் வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி. லேபல் நனையாமல், பள்ளத்தின் போக்கில் மென்மையான துணியால் துடைத்து, வெறும் வடித்த நீரால் அலசி, நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம், கரையோரக் கிணறுகளின் சுண்ணாம்பு பள்ளத்தில் படியும். பெற்றோல் செற்றில் விற்கும் பற்றரித் தண்ணீர் வடித்த நீர்தான். ஆனால் போத்தலில் அசிட் என்று எழுதியிருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். 78 சுற்றுப் பழைய தட்டுகளில் அல்கஹோல் படவே கூடாது, அரக்குக் கரைந்துவிடும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் தொடுங்கள். பஞ்சு விளிம்பு இந்த ஈரத்தில் மாவாக உதிரும். ரப்பரோ துணியோ என்றால் நீடிக்கும். அம்பின் வொலியூம் திருகும்போது கரகரத்தால் உப்பு ஏறியிருக்கிறது, தொடர்புமுனைத் துப்புரவுத் திரவம் அடித்தால் பெரும்பாலும் சரியாகும்.

அரிய கசெற் எதுவாக இருந்தாலும் ஒரு முறையாவது கணினியில் ஏற்றிவிடுங்கள். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல். பதியும்போது ஈக்வலைசரைத் தொடாதீர்கள், இரைச்சலையும் நீக்காதீர்கள். ஓடசிற்றி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மட்டும் திருத்திய இன்னொரு பிரதியைத் தனியாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் அல்பத்தோடு இதையும் எழுதுங்கள்: கம்பனிக் கசெற்றா, றெக்கோடிங் பாரா, எந்தப் பிளேயர், எத்தனை வீதம் வேகம் திருத்தியது.